ஜெயித்தது தொழிற்சாலை: காரெல் சாப்பெக்கின் ‘ஆர்.யூ.ஆர்.’ பற்றி

வேலைக்காரர்களாகச் செய்யப்பட்ட ரோபோட்டுகள் மனிதர்களுக்கு எதிராகக் கிளம்பும் கதைகளைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் ‘ஆர்.யூ.ஆர்.’ பெயரை ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் மேலே போவார்கள். காரெல் சாப்பெக் செக் மொழியில் எழுதிய நாடகம். 1920-ல் அச்சில் வந்தது, 1921 ஜனவரி 25-ல் பிராக் தேசிய அரங்கில் மேடையேறியது. 1922-ல் நியூயார்க், 1923-ல் லண்டன். ‘ரோபோட்’ என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்தது இதுதான். அந்தப் பெருமையே நாடகத்துக்கு ஒரு விதத்தில் கெடுதலாகவும் ஆகிவிட்டது. சொல்லின் பிறப்புச் சான்றிதழ் மாதிரி இதைக் காட்டுகிறார்களே தவிர, உட்கார்ந்து படிப்பவர்கள் கொஞ்சம்தான்.

படிக்காமலே நாம் வைத்திருக்கும் சுருக்கம் என்ன? மனிதன் இயந்திரத்தைச் செய்தான், இயந்திரம் அவனைக் கொன்றது, ஆகவே விஞ்ஞானத்தில் ஜாக்கிரதை. இந்தச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு நாடகத்துக்குள் போனால் பாதி விஷயங்கள் கண்ணில் படாது. அந்தப் போரில் ஜெயித்தது யார் என்று கேட்டுப் பார்த்தால்தான் நாடகம் திறந்துகொள்கிறது. மனிதர்கள் ஜெயிக்கவில்லை, அது தெரிந்ததுதான். ரோபோட்டுகளும் ஜெயிக்கவில்லை. ஜெயித்தது தொழிற்சாலை. இதை நிறுவ முடியுமா என்று பார்க்கிறேன். அதோடு, இவ்வளவு தூரம் வந்த சாப்பெக் கடைசியில் எங்கே நின்றுவிட்டார் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வயலின் வாசிக்காத மனிதன்

கதை ஒரு தீவில் நடக்கிறது. கடல் உயிர்களை ஆராய அங்கே வந்த கிழவர் ரோசும், உயிருள்ள பொருளைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடிக்கிறார். கடவுள் தேவையில்லை என்று காட்ட, மனிதனை நகம் முடியோடு அப்படியே செய்து பார்க்க ஆசைப்படுகிறார். (செக் மொழியில் ‘ரோசும்’ என்று ஒலிக்கும் சொல்லுக்கு அறிவு என்று பொருள்.) பிறகு வருகிறான் இளைய ரோசும், இன்ஜினியர். அவனுக்குக் கடவுளைப் பற்றி அக்கறை கிடையாது. சந்தோஷப்படுவது, வயலின் வாசிப்பது, சும்மா காலாற நடந்துவிட்டு வருவது, இதெல்லாம் நெசவுக்கோ கணக்குக்கோ எதற்கு? வேலைக்குத் தேவையில்லாததை எல்லாம் கழித்துக்கட்டுகிறான். மிச்சம் இருப்பதுதான் ரோபோட்.

இந்த ரோபோட்டுகள் இரும்பால் ஆனவை இல்லை என்பதைக் கவனிக்கணும். மாவு பிசையும் தொட்டியில் பிசைந்து, நரம்பை ஆலையில் நூற்று, ரத்தக்குழாயை நெய்து தயாரிக்கும் சதை உடம்புகள். பார்த்தால் மனிதர்தான். அவற்றுக்கு விடுதலை வாங்கித் தர வந்த ஹெலனா, டைப்பிஸ்ட் சுல்லாவை மனுஷி என்றே நம்புகிறாள். அப்புறம் கம்பெனியின் டைரக்டர்களையே ரோபோட்டுகள் என்று நினைத்து அவர்களிடம் புரட்சி பேசுகிறாள். வெறும் நகைச்சுவைக் காட்சி என்று இதைத் தாண்டிப் போய்விடலாம். ஆனால் சுல்லா ரோபோட்தான் என்று நிரூபிக்க, ஜெனரல் டைரக்டர் டோமின் அவளை அறுத்துக் காட்டச் சொல்லலாம் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறான். சிரிப்பு அங்கே நின்றுவிடுகிறது.

அதே காட்சியில் வலியைப் பற்றி ஒரு பேச்சு வருகிறது. ரோபோட்டுக்கு வலி தெரியாததால் கையை மெஷினில் விட்டு நாசமாக்கிக்கொள்கிறது, கம்பெனிக்கு நஷ்டம். ஆகவே வலியைச் சேர்க்கப் போகிறார்கள். அதனால் அது சந்தோஷமாக இருக்குமா என்று ஹெலனா கேட்கிறாள். இருக்காது, ஆனால் தொழில்நுட்ப ரீதியில் இன்னும் கச்சிதமாக இருக்கும் என்பது பதில். வலி இங்கே ஒரு பாதுகாப்புச் சாதனம், ஃப்யூஸ் மாதிரி. சில ரோபோட்டுகள் திடீரென்று பல்லைக் கடித்துக்கொண்டு கையில் இருப்பதை வீசி எறிகின்றன. ஹெலனாவுக்கு அது ஆன்மாவின் அடையாளம். டோமினுக்கு அது தயாரிப்புக் குறை. அந்த ரோபோட்டை அரவைக்கு அனுப்பிவிடுவார்கள். இரண்டு பேருமே அந்தப் பல்கடிப்பை ஏதோ உள்ளே இருந்து கிளம்பும் விஷயமாகவே பார்க்கிறார்கள். அது செய்த வேலை என்ன, எத்தனை மணி நேரம் செய்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

யார் ஆரம்பித்தது?

பத்து வருஷம் கழித்து அடுத்த அங்கம் தொடங்குகிறது. போர் எப்படி வந்தது என்பதை சாப்பெக் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் போகிறார், வேகமாகப் படித்தால் தவறிவிடும். முதலில் வேலை போன தொழிலாளிகள் ரோபோட்டுகளை அடித்து நொறுக்குகிறார்கள். அவர்களை அடக்க, ரோபோட்டுகள் கையில் ஆயுதம் கொடுக்கப்படுகிறது. அது வசதியாக இருக்கவே, அரசாங்கங்கள் அவற்றை ராணுவத்தில் சேர்க்கின்றன. பால்கனில் போர், பிடித்த இடங்களில் ரோபோட் சிப்பாய்கள் 7 லட்சத்துக்கு மேல் குடிமக்களைக் கொன்றதாகப் பத்திரிகைச் செய்தி. மாட்ரிட்டில் கலகம் செய்த கூட்டத்தின் மீது ரோபோட் படை சுடுகிறது. இதெல்லாம் நடக்கும்போது கம்பெனி ஆர்டர் எடுத்துக்கொண்டே இருக்கிறது.

அதாவது ரோபோட்டுகள் மனிதர்களைக் கொல்லத் தொடங்கியது கலகம் செய்த அன்று இல்லை. ரொம்ப முன்னாலேயே, உத்தரவின்படி, சம்பளமே இல்லாமல் கொன்றுகொண்டுதான் இருந்தன. யாருக்காக என்பது மட்டும்தான் பிறகு மாறுகிறது. இந்த ஒரு விவரமே, பின்னால் வந்த ரோபோட் போர்க் கதைகள் பலவற்றிலிருந்து ‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்தைத் தள்ளி நிறுத்துகிறது.

1984-ல் வந்த ‘டெர்மினேட்டர்’ படத்தில் ஸ்கைநெட் நொடிக்கும் குறைவான நேரத்தில் மனித இனத்தின் தலையெழுத்தை முடிவு செய்துவிடுகிறது. ஏன் என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் கிடையாது. நம்ம ‘எந்திரன்’ (2010) இன்னும் சுவாரஸ்யமான உதாரணம். சிட்டிக்கு உணர்ச்சியைக் கொடுப்பது வசீகரன், அந்த உணர்ச்சி தனக்கு இடைஞ்சலானதும் வெட்டிக் குப்பையில் போடுவதும் வசீகரன். அதுவரைக்கும் படம் சிட்டியின் பக்கத்தில் நியாயத்தை வைத்திருக்கிறது. அடுத்தது போரா ஒரு சிவப்பு சிப்பைப் பொருத்துகிறார், அவ்வளவுதான். குறை சொல்ல வேண்டிய இடம் மனிதனிடமிருந்து சிப்புக்கு மாறிவிடுகிறது. சிப்பை எடுத்ததும் சிட்டி நல்லவன். படைத்தவன் கணக்கு நேராகிவிட்டது, நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

‘ஆர்.யூ.ஆர்.’ நாடகத்திலும் அந்த சிவப்பு சிப் இருக்கிறது. ஹெலனா கேட்டுக்கொண்டதால் உடலியல் பிரிவின் தலைவர் டாக்டர் கால் சில ரோபோட்டுகளின் தயாரிப்பை ரகசியமாக மாற்றுகிறார். நம்மைப் புரிந்துகொண்டால் நம்மை வெறுக்க மாட்டார்கள் என்பது அவள் எண்ணம். வெளியே ரோபோட்டுகள் வீட்டைச் சூழ்ந்து நிற்கும்போது இது தெரிய வருகிறது. ஆளாளுக்குத் தங்கள் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறார்கள். சோகத்துக்கு நடுவே அவர்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருக்கிறது. உலகத்தை அழித்தவர்கள் நாங்களாக்கும் என்று.

அந்த நேரத்தில் கணக்கைத் திறந்து உட்காருகிறார் புஸ்மன், கம்பெனியின் வியாபாரப் பொறுப்பாளர். நாடகத்தின் மூளை அவர்தான் என்பது என் எண்ணம். மாற்றிச் செய்த ரோபோட்டுகள் மொத்தம் எத்தனை? சில நூறு. உலகத்தில் இருப்பவற்றோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆகவே ஹெலனாவும் காரணமில்லை, டாக்டரும் காரணமில்லை. காரணம் எண்ணிக்கை. மனிதர்களை விட அவை பலம் பெறும் அளவுக்குச் செய்து தள்ளினோம், ஒருநாள் இது நடக்கத்தானே செய்யும்? அப்படியானால் தவறு நம்முடையதா என்று டோமின் கேட்கிறான். டைரக்டர் உற்பத்தியை நடத்துகிறார் என்று நினைப்பே தப்பு, தேவைதான் நடத்துகிறது, உலகமே கேட்டது, நாம் அந்தச் சரிவில் உருண்டு வந்தோம் என்கிறார் புஸ்மன்.

இது எவ்வளவு வசதியான பதில்! அதே சமயம் எவ்வளவு சரியான பதில்! ஒரு முதலாளி தன்னைத் தப்புவிக்கச் சொல்லும் வாதமும், முதலாளித்துவத்தை விமர்சிப்பவர் சொல்லும் வாதமும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் அவர் கத்தை கத்தையாகப் பணத்தை எடுத்துக்கொண்டு ரோபோட்டுகளிடம் பேரம் பேசப் போகிறார். தற்காப்புக்காகத் தாங்களே மின்சாரம் பாய்ச்சி வைத்த வேலியில் பட்டுச் சாகிறார்.

மறுபடியும் வேலைக்குப் போங்கள்

லே ஹாவ்ர் துறைமுகத்தில் தொடங்கிய ரோபோட் சங்கம் ஒரு துண்டறிக்கை வெளியிடுகிறது. மனிதனை எதிரியாக அறிவிக்கிறது, கொல்லச் சொல்கிறது. ஆனால் தொழிற்சாலைகளையும் ரயில்பாதைகளையும் சுரங்கங்களையும் காப்பாற்றச் சொல்கிறது. முடிந்ததும் எல்லோரும் வேலைக்குத் திரும்ப வேண்டும், வேலை நிற்கக் கூடாது.

நான் பார்த்த வரையில் இந்த அறிக்கையை 1917-ன் எதிரொலி என்று மட்டும் படித்துவிட்டுப் போகிறார்கள். எதிரொலி இருக்கட்டும். விடுதலை அறிக்கையின் கடைசி வரியில் ஷிஃப்ட் டைம் எழுதியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்வது? எஜமானைக் கொன்ற அடிமைக்கு முதலில் நினைவுக்கு வருவது வேலை நின்றுவிடக் கூடாது என்பது. வயலினையும் நடைப்பயிற்சியையும் கழித்துவிட்டுச் செய்த உயிருக்கு வேறென்ன நினைவுக்கு வரும்?

இந்தத் துண்டறிக்கைகளை ஏற்றி வருவது தபால் கப்பல். அது சரியான நேரத்துக்கு வருகிறது. அதைப் பார்த்து டைரக்டர்கள் குதூகலிக்கிறார்கள். கப்பல் நேரத்துக்கு வருகிறதென்றால் உலகத்தில் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றுதானே அர்த்தம்? ஹாலமையர் கால அட்டவணையைப் புகழ்ந்து ஒரு பிரசங்கமே செய்கிறார், பைபிளையும் ஹோமரையும் கான்ட்டையும் விட உயர்ந்ததாம். கப்பல் நேரத்துக்கு வந்ததற்குக் காரணம் அதை ஓட்டுவது ரோபோட்டுகள் என்பது. மனித ஆட்சி போனாலும் அட்டவணை போகவில்லை. இந்தப் போரின் முடிவு முதல் அங்கத்திலேயே இந்தக் கேலியில் சொல்லப்பட்டுவிட்டது.

மூன்றாம் அங்கத்தில் ரோபோட்டுகள் உலகை ஆள்கின்றன. ரோசுமின் செய்முறையை ஹெலனா எரித்துவிட்டதால் புதிய ரோபோட்டுகளைச் செய்ய முடியவில்லை, இருப்பவை செத்துக்கொண்டே இருக்கின்றன. உற்பத்தி மட்டும் ஏறிக்கொண்டே போகிறது, செய்ததை வைக்க இடமில்லை. யாருக்காகச் செய்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவற்றிடம் உருப்படியான பதில் கிடையாது. தின்ன, உடுத்த, வாங்க ஆளே இல்லாத உலகத்தில் ஆலைகள் முழு வேகத்தில் ஓடுகின்றன. ஜெயித்தது தொழிற்சாலை என்று நான் சொல்வது இதனால்தான்.

டோமினின் கடைசித் திட்டத்தையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ரோபோட்டுகள் ஒன்று சேர்ந்துவிட்டன என்று தெரிந்ததும் அவன் உற்பத்தியை நிறுத்துவது பற்றி யோசிக்கவில்லை. ‘யுனிவர்சல்’ ரோபோட்டுக்குப் பதில் ‘தேசிய’ ரோபோட் செய்யலாம் என்கிறான். நாட்டுக்கு ஒரு ஆலை, வேறு வேறு நிறம், வேறு வேறு மொழி. ஒன்றையொன்று புரிந்துகொள்ளாது, வெறுக்க நாம் சொல்லிக் கொடுப்போம் என்கிறான். முதல் உலகப் போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 1918-ல் பிறந்த ஒரு புது நாட்டில் உட்கார்ந்து எழுதியது இது. 1936-ல் வந்த ‘சாலமாண்டர்களுடன் போர்’ நாவலில் சாப்பெக் இதே நூலைப் பிடித்து இன்னும் தூரம் போகிறார். அங்கே கடலில் முத்துக்குளிக்கப் பழக்கப்பட்ட சாலமாண்டர்களுக்கு நாடுகள் போட்டி போட்டு ஆயுதம் விற்கின்றன, தங்கள் கரைகள் மூழ்கும்போது கூட வியாபாரத்தை நிறுத்த அவற்றால் முடிவதில்லை.

ஆல்க்விஸ்டும் நானாவும்

இனி சாப்பெக்கோடு எனக்குள்ள சண்டை.

‘ரோபோட்’ என்ற சொல்லைக் கொடுத்தது அண்ணன் யோசெஃப் சாப்பெக், ஓவியர். காரெல் ‘லபோரி’ என்று வைக்க நினைத்திருந்தார். அது புத்தகத்தனமாக இருக்கிறது என்று அவருக்கே திருப்தியில்லை. அண்ணன் சொன்ன சொல்லின் மூலம் ‘ரோபோட்டா’. பண்ணையாரின் நிலத்தில் குடியானவன் கூலியில்லாமல் செய்தே தீர வேண்டிய கட்டாய வேலை. ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் அது ஒழிக்கப்பட்டது 1848-ல். நாடகம் வருவதற்கு 72 வருஷம் முன்னால்தான். பிராக் பார்வையாளர்களில் பலருடைய தாத்தா, பாட்டி காலத்து விஷயம்.

நம்மிடம் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: வெட்டி. சோழர் காலக் கல்வெட்டுகளில் அடிக்கடி வரும் கட்டாய உழைப்புக் கடமை. இன்றைக்கு ‘வெட்டியா இருக்கான்’ என்றால் வேலை செய்யாமல் இருக்கிறான் என்று பொருள். கூலியில்லாமல் உழைத்தவனைக் குறித்த சொல் சும்மா இருப்பவனைக் குறிக்க வந்துவிட்டது. ‘எந்திரன்’, ‘இயந்திர மனிதன்’ என்று நாம் சொல்லும்போது உலோகம் மட்டும்தான் காதில் விழுகிறது. 1921-ல் ஒரு செக் பார்வையாளருக்கு அந்தச் சொல்லில் பண்ணையும் சவுக்கும் கேட்டிருக்கும்.

இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்த சாப்பெக், முடிவில் அதன் பொருளை விட்டுவிடுகிறார். ஆல்க்விஸ்டை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனியின் கட்டடத் தலைவர், ஆனால் மனசு சரியில்லாத போதெல்லாம் சாரத்தில் ஏறிச் செங்கல் அடுக்குவார். உழைப்பிலும் களைப்பிலும் ஒரு நன்மை இருந்தது என்று ஆரம்பத்திலேயே டோமினிடம் வாதிட்டவர் அவர்தான். ரோபோட்டுகள் அவரை மட்டும் உயிரோடு விடுகின்றன, தங்களைப் போலவே கையால் வேலை செய்கிறார் என்பதால். ஆதாம் இனி வியர்வை சிந்தி ரொட்டி தின்ன வேண்டாம் என்று டோமின் ஆரம்பத்தில் வாக்குக் கொடுத்தான். முடிவில் ஒருவருக்காக ஒருவர் சாகத் துணியும் இரண்டு ரோபோட்டுகளை ஆல்க்விஸ்ட் புதிய ஆதாம் ஏவாளாக வழியனுப்புகிறார். காதல் வந்தது, வியர்வையும் திரும்ப வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். இந்த முடிவைப் பலர் அசட்டு உணர்ச்சி என்று ஒதுக்குவார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. உழைப்பே நல்லது என்ற ஆல்க்விஸ்டின் நம்பிக்கை கேள்வியே இல்லாமல் கடைசி வார்த்தையாகிவிடுவதுதான் என் குறை.

விருப்பப்பட்டுச் செங்கல் அடுக்குவது வேறு, அடுக்கியே தீர வேண்டும் என்பது வேறு. ஆல்க்விஸ்ட் நினைத்தால் சாரத்திலிருந்து இறங்கி வந்துவிடலாம். ‘ரோபோட்டா’ செய்த குடியானவனால் முடியாது. அந்த வித்தியாசத்தில்தான் அந்தச் சொல்லே நிற்கிறது.

இந்த வித்தியாசத்துக்கான சாட்சி நாடகத்துக்குள்ளேயே இருக்கிறாள், நானா. ஹெலனாவின் வீட்டு வேலைக்காரி, வயசான மனுஷி. மனித உழைப்பே ஒழிந்த உலகம் என்று டைரக்டர்கள் பெருமை பேசிக்கொண்டிருக்கும் அதே வீட்டில், எஜமானியம்மாவுக்குப் பணிவிடை செய்துகொண்டு ஒரு மனுஷி இருக்கிறாள். அவளுக்கு ஏன் விடுதலை கிடைக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ரோபோட்டுகளுக்காக அவ்வளவு உருகும் ஹெலனாவும் கேட்கவில்லை. கடவுள் பயமும் ரோபோட் வெறுப்பும் உள்ள நாட்டுப்புறக் கிழவி என்ற அளவோடு சாப்பெக்கும் அவளை விட்டுவிடுகிறார். உழைப்பின் மகிமையை அவள் வாயால் சொல்ல வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், அவ்வளவு அழகாக வந்திருக்காது.

1923-ல் லண்டனில் நாடகத்தைப் பற்றி நடந்த விவாதத்தில் பெர்னார்ட் ஷாவும் செஸ்டர்டனும் கலந்துகொண்டார்கள். அதற்குப் பதிலாக சாப்பெக் எழுதியபோது, தனக்கு ரோபோட்டுகளை விட மனிதர்கள் மேல்தான் அக்கறை என்றார். டோமினும் சரி, ஆல்க்விஸ்டும் சரி, ஹெலனாவும் சரி, புஸ்மனும் சரி, எல்லோரும் அவரவர் அளவில் சரியானவர்களே, ஆபத்து அங்கேதான் என்பது அவர் கருத்தின் சாரம். நாடகத்தின் பலமும் இதில்தான் இருக்கிறது. கெட்டவன் ஒருத்தன் கூட இல்லாமல் உலகம் அழிகிற கதை எத்தனை இருக்கிறது? எல்லோரும் சரி என்று அவர் போட்ட பட்டியலில் டைரக்டர்களும் அவர்கள் வீட்டாரும் மட்டுமல்ல, கலகம் செய்த ரோபோட்டுகளும் இருக்கிறார்கள். ஆனால் நானா அதில் இல்லை.

படிக்க நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆரம்பகால ஆங்கிலப் பதிப்பான செல்வர், ப்ளேஃபேர் மொழிபெயர்ப்பு நிறைய வெட்டுகளோடு வந்தது, டேமன் என்ற ரோபோட் தலைவனே அதில் காணாமல் போய்விடுகிறான். 1990-ல் வந்த க்ளாடியா நோவாக்கின் மொழிபெயர்ப்பில் படிப்பது நல்லது. மூன்றாம் அங்கத்தின் கனம் அதில்தான் தெரிகிறது.

ஏ.ஐ. நம்மை அழித்துவிடுமா என்று இப்போது ஊரெல்லாம் கேட்கிறார்கள். கேட்கட்டும். ஆனால் அந்தக் கேள்வி டாக்டரும் ஹெலனாவும் பழியைப் பங்கு போட்டுக்கொண்ட அதே அறைக்குள்தான் இருக்கிறது, உள்ளே ஏதோ விழித்துக்கொண்டது என்ற கதைக்குள். புஸ்மன் திறந்த நோட்டு வேறு. யார் ஆர்டர் கொடுத்தது, எத்தனை, எதற்கு, லாபம் யாருக்கு, அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்க மணிக்கூலிக்கு உட்கார்ந்து படங்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பவர்கள் யார் யார். அந்தக் கடைசிக் கேள்வியைப் புஸ்மன் கூட எழுதி வைக்கவில்லை. அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நானா. நாடகம் முழுக்க அவள் பக்கத்து அறையில் வேலையாக இருந்தாள்.